இருபது தெத்ரி

பதினான்கு நிமிடப் படம்.
பத்தொன்பதாவது வெட்டு.
கதை இவ்வளவுதான்:
கல்யாணக் கேக்கைத் தூக்கிக்கொண்டு
ஒன்பதாவது மாடிக்குப் போகவேண்டியவனிடம்
லிஃப்டுக்குப் போட
இருபது தெத்ரி இல்லை.
சபுர்தாலோவில் பாதிப் பேருக்கு
இது கதையே இல்லை, செவ்வாய்க்கிழமை.

மணி இரவு ஒன்று இருபது.
காலை ஒன்பதுக்குள் கொடுத்தாகவேண்டும்.
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது.
அந்தப் பக்கம் ஸ்வியாத் உட்கார்ந்திருக்கிறான்,
இயக்குநர் என்பதால்.

சண்டை ஒரே இடத்தில்.
பக்கத்து வீட்டுக்காரர்
"சில்லறையா?" என்று கேட்டுவிட்டு
பர்ஸைத் திறக்கும்வரை எத்தனை பிரேம்?
நாற்பத்தொன்று இருக்கிறது.
முப்பது போதும் என்கிறான் அவன்.
நாற்பத்தெட்டு வேண்டும் என்கிறேன் நான்.
இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு
சிரிப்பு வருகிறதா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்,
வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்
எந்த மனிதனும் துக்கமாகத்தான் இருக்கிறான்.
வாய் திறப்பதற்கு முந்தின பிரேமில்
பாத்ரியின் கண்கள்
கடன் கொடுத்து ஏமாந்தவரின் கண்கள்.
அவர் நடிகர் இல்லை.
கல்லூரியில் கேமரா வாடகைக் கணக்கு எழுதுபவர்.
நாங்கள் தொலைத்த லென்ஸ் மூடிக்கு
இன்னும் பணம் கட்டவில்லை.

மூச்சை எடுத்தோம். தும்மலை எடுத்தோம்.
படிக்கட்டில் தானாகக் குறுக்கே போன
பூனையை எடுத்தோம்.
காலணிச் சத்தத்தை மழித்தோம்.
குரங்கு பிடிக்கப் போய்
பிள்ளையாராய் முடிந்தது எங்களுக்கு.
கும்பிடலாம்.
சிரிக்க முடியாது.

இரண்டரைக்கு அவ்தாந்தில் வந்தார்,
காவலாளி. மாடியைப் பூட்டவேண்டுமாம்.
கையில் பாதி பீன்ஸ் ரொட்டி.
ஒரே ஒரு தடவை பாருங்கள் என்று
உட்காரவைத்தோம்.
தூக்கக் கலக்கத்தில் நான் திறந்தது
பதினோராவது வெட்டு.
தெரிந்ததும் நிறுத்தப் போனேன்.
அதற்குள் அவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

நாங்கள் நம்பிய இடங்களிலெல்லாம்
மரியாதையாகப் பார்த்தார்.
கேக் சரிந்தபோது
"முட்டை விக்கிற விலையில" என்றார்.
பிறகு கதவு திறந்தது.
குரம், கேக்குக்குப் பின்னாலிருந்து,
லிஃப்டைப் பார்த்து "நன்றி" என்றான்.

அது வசனம் இல்லை. அவன் பழக்கம்.
பஸ்ஸுக்குச் சொல்வான், ஏ.டி.எம்.முக்கும்.
அரை நொடி, வேகம் தடைபடுகிறது என்று
பன்னிரண்டாவது வெட்டில்
நான்தான் அதைத் தூக்கினேன்.

அவ்தாந்தில் சிரித்தார்.
கீபோர்டில் பீன்ஸ் தெறிக்கும் சிரிப்பு.
"காசையும் வாங்கிக்குது, நன்றியும் வாங்கிக்குது!"
தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.
ஸ்வியாத் என் பக்கம் திரும்பவில்லை.
நான் கீபோர்டைத் துடைத்தேன்.

நன்றியைத் திரும்ப ஒட்டினோம்.
ஒட்டியதும் அதற்கு முன்னால்
ஒரு மூச்சு தேவைப்பட்டது,
மூச்சுக்கு முன்னால் காலணிச் சத்தம்.
பூனை மட்டும் வரவில்லை.
எவ்வளவு தேடியும் அந்த ஃபைல் இல்லை.
பர்ஸ் தகராறு நாற்பத்தொன்றிலேயே நின்றது,
இருவருக்கும் பிடிக்காத எண் என்பதால்.

ஆறரைக்கு என் வீடு, என் லிஃப்ட்.
எட்டாவது மாடி.
பையில் பேருந்து அட்டை, ஒரு வயர்,
உடைக்காத வால்நட் ஒன்று.
நாயோடு வெளியே கிளம்பிய நோதாரிடம் கேட்டேன்.
"சில்லறையா?" என்றார்.
சத்தியமாக, அதே சொல்.

கையுறையைக் கழற்றினார்.
நாயின் கயிற்றைப் பல்லில் கவ்வினார்.
ஒரு பையைத் தட்டினார். இன்னொன்றை.
மேலே பார்த்தார், கூரையில் எழுதியிருப்பதுபோல.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பழக்கதோஷம்:
இருநூற்று எட்டு பிரேம்.

காசு விழுந்தது. கதவு மூடியது.
ஐந்தாவது மாடி தாண்டும்போது
தனியாக, சத்தமாகச் சிரித்தேன்.
எட்டில் நின்றது. நான் வெளியே வரவில்லை.
ஒன்பதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.
ஸ்வியாதை எழுப்பினால் திட்டுவான்.
நல்லவேளை,
கீழே போவதற்கு
இது காசு கேட்பதில்லை.